சம்மாந்துறையிற் கற்ற பாடம்

விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று மலர்க் குழுவினர் கேட்டு எழுதியபொழுது, பழைய மாணவர் வழக்கமாக எழுதும் பொருள்களே முதலில் என் நினைவுக்கு வந்தன. விடுதிச் சாப்பாடு, நாவலர் குருபூசை, துடுப்பாட்ட வெற்றிகள், பிரம்புக்குப் பேர்போன ஆசிரியர்கள் ஆகியவற்றை என்னிலும் சுவைபட எழுத வல்லார் நம்மிற் பலர் உளர். நான் எழுதப் புகுவது, 1963ஆம் ஆண்டில் நம் கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடத்தில் எழுந்த ஒரு வினாவைப் பற்றியது. அவ்வினா என்னைப் பின்தொடர்ந்து சம்மாந்துறை வரை வந்து, அங்கே என் வீட்டுக்குள்ளும் புகுந்தது.

அன்று ஆசிரியர் தோலொட்டுப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவரின் தோலைப் பிறிதொருவர் உடலில் ஒட்டினால் இரண்டொரு வாரத்துள் அது கருகி உதிர்ந்துவிடும்; உடல் தன்னதல்லாததை இனங்கண்டு அழிக்கும் ஆற்றலே அதற்குக் காரணம்; அவ்வாற்றலுக்கு நிர்ப்பீடனம் என்று பெயர் என்றார். பீடனம் என்றால் துன்பம். அஃது அற்ற நிலை நிர்ப்பீடனம். அக்காலத்திற் கலைச்சொற் குழுவினர் ஆக்கித்தந்த சொற்களுள் நாவிலே தடுக்கியவை பல. இச்சொல் தடுக்கினாலும் பொருள் பொதிந்தது என்பது என் கருத்து. படிப்பிலும் குறும்பிற் கூடிய நாட்டமுடைய என் வகுப்புத் தோழன் ஒருவன் பின்வரிசையிலிருந்து எழுந்து, “அப்படியானால், சேர், தகப்பனுடைய தோலை ஏற்காத தாய், தகப்பனிற் பாதியைக் கொண்ட பிள்ளையைப் பத்து மாதம் வயிற்றில் எப்படி ஏற்றிருக்கிறாள்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் நோபல் பரிசு பெற்ற மெடவார் என்னும் அறிஞர் 1953ஆம் ஆண்டிலேயே இவ்வினாவை எழுப்பிவிட்டார் என்றும், விடை இன்னும் கிடைக்கவில்லை என்றும் கூறி, மெடவாரின் மூன்று ஊகங்களைக் கரும்பலகையில் எழுதினார். தாயையும் சேயையும் சூல்வித்தகம் மதில்போல் நின்று பிரித்து வைத்திருக்கலாம். அல்லது தாயுடல் அடையாளங் காணுமளவுக்குச் சேயின் கலங்கள் முதிராதிருக்கலாம். அல்லது கருவுற்ற காலத்தில் தாயின் நிர்ப்பீடனமே உறங்கிவிடலாம். மூன்றாவதே சரியென்று நான் உடனே முடிவு செய்துவிட்டேன். பத்தொன்பது வயதுவரை எதற்கும் உடனே முடிவு செய்பவனாகவே நான் இருந்தேன்.

பேராதனையிற் பட்டம் பெற்று, 1970ஆம் ஆண்டில் உயிரியல் ஆசிரியனாகச் சம்மாந்துறைக்குச் சென்றேன். கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்தி கடந்து மேற்கே திரும்பினால் கடல் மறைந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வயலே தெரியும். அவ்வயல்களின் கரையிலே பள்ளிவாசல்களும் நெருங்கிய வளவுகளுமாக அவ்வூர் கிடக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவனுக்கு முதலில் வியப்பளித்தது, வீடு பெண்ணுக்கு உரியது என்னும் அவ்வூர் வழக்கமாகும். பெண் பிறந்தால் தகப்பன் அவளுக்கென ஒரு வீட்டைக் கட்டத் தொடங்குவான். மணமானபின் மாப்பிள்ளை அங்கு வந்து சேர்வான். நாங்கள் வாடகைக்கிருந்த வீடும் அத்தகையதே. வீட்டுக்காரரான காக்கா ஒரு போடியார். நூறு ஏக்கர் போடியார் அல்லர், பத்து ஏக்கர்ப் போடியார். அவ்வீடு அன்று தொட்டிலிற் கிடந்த அவர் மகளுக்கு உரியது. “அவ வளரும் வரைக்கும் நீங்க இருங்க மாஸ்டர்” என்று சொல்லியே திறப்பைத் தந்தார்.

எங்கள் மூத்த மகன் 1971இல் என் மனைவியின் தாய்வீட்டில், யாழ்ப்பாணத்திற் பிறந்தான், யாதொரு குறையுமில்லை. இரண்டாவது பேறு 1973இல் சம்மாந்துறை வீட்டிலேயே நிகழ்ந்தது. ஊர் மருத்துவிச்சிதான் பிள்ளையை ஏந்தினார். எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டியைச் சிறியோரும் பெரியோரும் ‘மூத்தம்மா’ என்றே அழைப்பர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். ஆண் பிள்ளை. அன்று மாலையே அவன் கண்களில் மஞ்சள் படர்ந்தது. காட்டிய இடத்தில், பிறந்த பிள்ளைகளுக்கு மஞ்சள் இயல்பு, இளவெயிலிற் பிடியுங்கள் என்றார்கள். பிடித்தோம். மூன்றாம் நாள் அவன் பால் குடிப்பதை நிறுத்தினான். நான்காம் நாள் இரவு உடல் வில்லாக வளைந்து, விடியுமுன் அடங்கிப்போனான்.

நாற்பது நாளும் என் மனைவிக்குச் சரக்கரைத்துக் கொடுக்க மூத்தம்மாவே வந்தார். ஒருநாள் அம்மியிலிருந்து தலைநிமிராமலே சொன்னார்: “மாஸ்டர், இது வெயிலில போற மஞ்சள் இல்ல. தலைப்புள்ள நல்லா இருந்து, பின்னால வாற புள்ளையெல்லாம் மஞ்சளாகிப் போற தாய்மார ரெண்டு பேர நான் கண்டிருக்கன்.”

அக்கணம் என் உள்ளம் பட்ட பாட்டை எழுத்தில் வடிப்பது அரிது. அவர் சொன்னதை, அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, படம் வரைந்து அம்புக்குறியிட்டு, உயர்தர வகுப்பு மாணவர்க்கு நான் கற்பித்திருந்தேன். றீசசுக் காரணி என்னும் அப்பாடத்தை அரைமணி நேரத்தில் எவரும் விளங்கும்படி நடத்துவேன் என்ற பெருமையும் எனக்கிருந்தது. என் மனைவியின் குருதி எத்தொகுதி என்பதை மட்டும் நான் அறிந்திருக்கவில்லை. அடுத்த கிழமை சோதித்தபொழுது ஓ தொகுதி, றீசசு மறை என விடை வந்தது. நான் நேர்.

மாணவ நேயர்களுக்காக ஒரு சொல். நம் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேரின் செங்குழியங்களில் றீசசு டீ என்னும் புரதம் இல்லை. அத்தகைய தாய் தந்தைவழி அப்புரதத்தைப் பெற்ற பிள்ளையைச் சுமந்தால், பேற்று வேளையிற் பிள்ளையின் குருதியிற் சில துளிகள் அவள் குருதியிற் கலந்துவிடக்கூடும். தாயுடல் அதனை அந்நியமெனக் கண்டு பிறபொருளெதிரிகளை ஆக்கும். அதற்குட் பிள்ளை பிறந்துவிட்டமையால் முதற்பிள்ளைக்குக் கேடில்லை. ஆனால் அந்நினைவு தாயுடலில் அழியாது நிற்கும். அடுத்த பிள்ளையும் நேராயின், அவ்வெதிரிகள் சூல்வித்தகத்தைக் கடந்து சென்று அதன் செங்குழியங்களை உடைக்கும். உடைந்த குருதியின் மஞ்சள் நிறப்பொருள் மூளையிற் படியும்.

தோழனின் வினா இங்கேதான் கூர்மையடைந்து என்னைக் குத்தியது. தன்னிற் பாதி அந்நியமான ஒரு முழுப் பிள்ளையைப் பத்து மாதம் ஏற்ற உடல், அப்பிள்ளையின் செங்குழியத்திலுள்ள ஒரேயொரு புரதத்தை ஏற்க மறுப்பானேன்? தாயின் நிர்ப்பீடனம் உறங்குகிறது என்ற என் பதின்பருவத் தீர்ப்பு அன்றே பொய்த்தது. உறங்கும் காவலன் ஒரு துளிக் குருதியை நினைவில் வைத்து ஈராண்டு காத்திருந்து தாக்க மாட்டான். மதில் என்ற ஊகமும் நில்லாது. மதிலாயின் எதிரிகள் கடந்தது எவ்வாறு?

விடை துண்டு துண்டாகவே வந்தது. அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. சூல்வித்தகம் தாயின் உறுப்பன்று. அது பிள்ளையின் உறுப்பு. கருப்பைச் சுவரினுட் புகுந்து தாயின் கலங்களோடு தோளுரசி நிற்பவை அதன் புறக்கலங்களே. நம் உடற்கலங்கள் தத்தம் மேற்பரப்பிற் சில புரதங்களை அடையாளச் சீட்டுப்போற் காட்டி நிற்பதால், தோலொட்டு அச்சீட்டாலேயே பிடிபடுகிறது. சூல்வித்தகத்தின் புறக்கலங்களோ, காட்டிக்கொடுக்கவல்ல முக்கியமான சீட்டுகளை மறைத்து, எச்.எல்.ஏ.–ஜீ என்னும் ஒரு சீட்டைக் காட்டுகின்றன. பிற உறுப்புகளிற் காண்பதற்கு அரிய அச்சீட்டு, தாயின் காவற்கலங்களை அமைதிப்படுத்துவது. அன்றியும், கருவுற்ற தொடக்க மாதங்களிற் கருப்பைச் சுவரில் வந்து குழுமும் வெண்குழியங்களுட் பெரும்பாலானவை இயற்கைக் கொல்லிக் கலங்கள் எனப்படுபவை. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. வேறிடங்களில் நோயுற்ற கலங்களைக் கொல்லும் இவ்வினம், கருப்பையிலே தாயின் குருதிக் குழாய்களை அகலத் திறந்து பிள்ளைக்கு வேண்டிய குருதி பாய வழிசெய்கிறது. சம்மாந்துறை மாணவர்க்கு இதனை விளக்குவது எளிது. வயலுக்கு நீர் பாய்ச்சும் வட்டவிதானையை அவர்கள் அறிவர். கையில் மண்வெட்டியோடு வருகிறவன் எல்லாம் சண்டைக்கு வருகிறவன் அல்லன்.

1998இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், சூல்வித்தகத்தில் திரிப்தோபன் என்னும் அமினோவமிலத்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்று தாயின் தாக்கும் கலங்களைப் பட்டினியிட்டு அடக்குகிறது எனக் காட்டினர். அந்நொதியத்தைத் தடுத்தபொழுது, அயலினத் தந்தைக்குக் கருவுற்ற சுண்டெலிகளின் கரு கலைந்தது. தன்னினத் தந்தைக்குக் கருவுற்றவை கலையவில்லை. 2004இல் அலுவிகாரே, கல்லிக்கூர்டிசு, பெற்சு என்னும் மூவர், தாக்குதலைக் கட்டுப்படுத்தும் ஒழுங்காக்கும் ரீ கலங்கள் கருவுற்ற தாயிற் பெருகுகின்றன என்றும், அவையில்லாத சுண்டெலித்தாய் அயலினக் கருவை இழக்கிறாள் என்றும் வெளியிட்டனர். முதற்பெயர் நம் நாட்டார் காதுக்குப் பழக்கமானது. அதைக் கண்டு ஆய்வேட்டை இருமுறை படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இவற்றாற் புலனாவது, தாயின் நிர்ப்பீடனம் குறைவதில்லை, இடமறிந்து மாறுகிறது என்பதே. பிள்ளையோடு முகங்கொடுக்கும் கருப்பைச் சுவரில் அது பொறுமை காக்கிறது. குருதியோட்டத்தில் அதன் விழிப்புப் பெரிதும் குன்றுவதில்லை. என் மூத்த மகனின் குருதித் துளிகள் சென்று கலந்தது, அந்த விழிப்புள்ள இடத்தில். முற்றாகக் குருதியோட்டத்தில் மாற்றமே இல்லையெனவும் கூறுவதற்கில்லை. வாதமூட்டழற்சியால் வருந்தும் பெண்கள் கருவுற்றபொழுது சுகமடைந்து, பேற்றின்பின் மீண்டும் நோயுறுவதை 1938இல் ஹெஞ்சு என்னும் அமெரிக்க வைத்தியர் எழுதினார். அவ்வழியே சென்று கோட்டிசோன் மருந்துக்கு வந்து 1950இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். மறுபுறம், 1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் கருவுற்ற பெண்களைக் கூடுதலாகக் கொன்றது.

பிறபொருளெதிரிகள் கடந்த வாயிலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் நெடுநாள் நான் அவ்வாயிலை வெறுத்தேன். சூல்வித்தகத்தில் ஒருவகை எதிரிகளை மட்டும் கைப்பிடித்து அக்கரை சேர்க்கும் ஓர் ஏற்பி உண்டு. கடைசி மாதங்களில் அது விரைந்து தொழிற்படுவதால், நிறைமாதத்திற் பிறக்கும் பிள்ளையின் குருதியில் அவ்வெதிரிகள் தாயிலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 1969இலிருந்து நம் நாட்டுக் கருவுற்ற தாய்மாருக்கு ஏற்புவலித் தடுப்பூசி போடப்பட்டு வருகிறதே, அது பிள்ளையைக் காப்பதும் அவ்வாயிலாலேயே. தொப்புட்கொடி வெட்டுவாயால் ஏற்பு வந்து மாண்ட பிள்ளைகளைப் பற்றி மூத்தம்மா நிறையச் சொல்லியிருக்கிறார். தாய் அனுப்புவது காப்பதா, கொல்வதா என்று அவ்வாயில் கேட்பதில்லை.

மூத்தம்மாவின் இன்னொரு கூற்றையும் இங்கே எழுதாது விடமுடியவில்லை. மலேரியாவைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தபொழுது அவர், “தலைப்புள்ளக்காரிக்குக் குளிர்காய்ச்சல் வந்தா ரெண்டு சீவனுக்கும் மோசம், நாலு பெத்தவ தாங்குவா” என்றார். பல பெற்றவள் உடல் நொந்தவள். அவள் எப்படிக் கூடுதலாகத் தாங்குவாள் என்று நான் அதை நம்பவில்லை. ஏறத்தாழ எண்பதினாயிரம் பேரைக் கொண்டுபோன 1934–35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது கருவுற்ற பெண்கள் பட்ட பாட்டை, கொழும்பு மகப்பேற்று வைத்தியர் விக்கிரமசூரிய 1937இல் நூலாகவே எழுதியுள்ளார். மூத்தம்மாவின் கூற்றுக்குக் காரணம் பிற்காலத்தில்தான் தெரிந்தது. கொடிய இனமான பல்சிப்பாறத்தின் ஒட்டுண்ணி புகுந்த செங்குழியங்கள் சூல்வித்தகத்திற்கே உரிய ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு அங்கே தேங்குகின்றன. சூல்வித்தகமே முதன்முறை உண்டாகும் பெண்ணுக்கு, அவ்விடத்தில் ஒளியும் ஒட்டுண்ணியின் வேடம் புதிது. அதற்குமுன் எத்தனை முறை காய்ச்சல் கண்டிருந்தாலும் பயனில்லை. மலேரியா ஓயாது நிலவும் நாடுகளில், பேறுதோறும் அவ்வேடத்துக்குரிய எதிரிகள் தாயிற் சேர்ந்து, பின்வரும் பிள்ளைகள் காக்கப்படுகின்றன. எங்கள் வீட்டிலோ தலைப்பிள்ளை தப்பினான், பின்வந்தவன் மாண்டான். ஒரே நினைவாற்றல் ஒரு நோயில் இளையோரைக் காக்கிறது, மற்றதில் இளையோரைக் கொல்கிறது. இரண்டையும் எழுத்தறியாத ஒரு மருத்துவிச்சி தன் கைப்பழக்கத்தாற் கண்டு வைத்திருந்தார். இலங்கை மலேரியா ஒழிந்த நாடென 2016 செத்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தபொழுது, அவர் இருந்து கேட்டிருக்கக் கூடாதா என்று எண்ணினேன்.

1976இல் மனைவி மீண்டும் கருவுற்று நிறைமாதம் நெருங்கிற்று. இம்முறை தொலைவிலிருந்த ஒரு பெரிய வைத்தியசாலையில் முன்கூட்டியே சேர்த்தோம். பேற்றைச் சற்று முன்னதாகவே நிகழ்த்தி, பிள்ளையின் குருதியைச் சிறிது சிறிதாக எடுத்து வேறு குருதியை ஏற்றிவிடுவது வைத்தியரின் திட்டம். ஓ தொகுதி, றீசசு மறைக் குருதி வேண்டும். கொடுப்பவரைத் தேடி வையுங்கள் என்றார். தாயின் குருதி பொருந்தும்; ஆனால் அதிலேதான் எதிரிகள் உள்ளன. மைத்துனன்மார் யாழ்ப்பாணத்தில். பங்குனி மாதம், ஊரெங்கும் சூடடிப்பு. களத்திலே நின்ற காக்காவிடம் பொதுவாகத்தான் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் றங்குப்பெட்டியைத் திறந்து, காணி உறுதிகளுக்கிடையிலிருந்து ஒரு பழுப்புநிற அட்டையை எடுத்து வந்தார். தம்பியின் சத்திரசிகிச்சைக்கு இரத்தம் கொடுத்த நாளிற் பெற்ற அட்டை. அதில் ‘ஓ, மறை’ என்றிருந்தது. “என்ட ரெத்தம் உங்கட புள்ளைக்குச் சேருமெண்டா, இப்பவே போவம் மாஸ்டர்” என்றார். சூட்டைப் போட்டது போட்டபடி வந்தார்.

அவருடைய குருதியேற்றி எங்கள் மகள் பிழைத்தாள். வயலுக்கு மழை வந்து அவருக்கு நட்டம் நேர்ந்ததென்று பின்னர் வேறொருவர் சொல்லியே அறிந்தேன்.

பின்னர் எனக்குக் கொழும்புக்கு மாற்றமாயிற்று. காலமும் கெட்டது, கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. 1994இல் காக்காவின் மகள் முதற் பிள்ளையைச் சுமந்திருக்கும் செய்தி வந்தபொழுது, வாழ்த்துக்கு முன்னரே அவள் குருதித் தொகுதியைக் கேட்டு எழுதினேன். நான் அஞ்சியபடியே மறை, மாப்பிள்ளை நேர். அதற்குள் மருந்து வந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. இலிவர்ப்பூலில் கிளாக் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும், அமெரிக்காவில் வேறொரு குழுவினரும் 1960களிற் கண்ட முறை அது. கிளாக் ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சி வளர்த்து அவற்றின் சிறகுக் கோலங்களின் பாரம்பரியத்தை ஆராய்ந்தவர்; அப்பழக்கமே அவரைக் குருதித் தொகுதிகளுக்கு இட்டுச் சென்றது. பேற்றின்பின் 72 மணித்தியாலத்துள், டீ எதிரியைத் தாய்க்கு ஊசியால் ஏற்றினால், அவள் உடல் அதைத் தானாக ஆக்கக் கற்பதற்குமுன் பிள்ளையின் செங்குழியங்கள் அகற்றப்பட்டுவிடும். முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தை. இம்மருந்தும் கொடையாளர் குருதியிலிருந்தே வருகிறது. 2025இல் மறைந்த அவுஸ்திரேலியரான யேம்சு ஹரிசன் 1,173 முறை கொடுத்தவர்.

மருந்து ஊரிற் கிடைக்காதென்று அறிந்து, பேற்றுக்கு ஒரு கிழமை முன் கொண்டு செல்வதாக ஏற்பாடு. பிள்ளை இரு கிழமை முந்திவிட்டது. வெள்ளிக்கிழமை விடியற்காலை பிறந்த செய்தி, நண்பர் ஒருவரின் தொலைபேசி வழியாக அன்று மாலைதான் எனக்கு எட்டிற்று. மருந்துக் குப்பியை வாங்கி, பனிக்கட்டி இட்ட சுடுநீர்ப் போத்தலில் வைத்து, கண்டி வழியாகச் செல்லும் இரவுப் பேருந்தில் ஏறினேன். அக்காலத்தில் அப்பயணம் எத்தகையது என்பதை நேயர் அறிவர். சோதனைச் சாவடிதோறும் இறங்கி, போத்தலைத் திறந்து காட்டி, மூடி, மீண்டும் ஏறினேன். பனிக்கட்டி உருகிவிடுமோ என்ற பயமே மற்றப் பயங்களையெல்லாம் விழுங்கிவிட்டது. சனிக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தேன். ஊசி போடும்பொழுது முப்பத்தைந்து மணித்தியாலம் கழிந்திருந்தது. பிள்ளை, நான் 1970இல் திறப்பு வாங்கிய அதே வீட்டுக்குப் போயிற்று.

ஈராண்டின் பின் காக்கா எழுதினார். இரண்டாவதும் பெண், குருதி நேர், மஞ்சள் இல்லை, மூத்தம்மா இருந்தால் தலைக்கு எண்ணெய் வைத்திருப்பா என்று இரண்டு வரி.

அதே 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு சில காலஞ் சென்று என் கைக்கு வந்தது. பேற்றின்போது தாய்க்குச் செல்லும் பிள்ளையின் கலங்கள் அனைத்தும் அழிவதில்லை. ஆண் பிள்ளை பெற்று இருபத்தேழு ஆண்டு கழிந்த ஒரு பெண்ணின் குருதியிலும் அத்தகைய ஆண் கலங்கள் இருக்கக் கண்டனர் என்று அதில் எழுதியிருந்தது. செங்குழியங்கள் அழியினும் வேறு கலங்கள் தாயுடலிற் குடியிருந்துவிடுகின்றனவாம். குசினி வாசலில் நின்று இதனை மனைவிக்கு விளக்கினேன். 1973இன் பிள்ளையைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் இருவரும் வாய்திறந்து பேசியதில்லை. அவள் அரிசி புடைப்பதை நிறுத்தி, “அப்ப அவன் இன்னும் என்னட்டை இருக்கிறானோ?” என்று கேட்டாள்.

இருக்கலாம் என்றேன். அவள் சுளகை மீண்டும் எடுத்தாள்.